கவிழ்ந்த படகும் ஒரு சாட்சி

மன்னாரில் பைபர் படகு திருத்துகிற எங்களிடம், கவிழ்ந்த படகு எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் வந்து சேரும். ஆட்களைக் கரைசேர்த்து, ஆஸ்பத்திரிக்கும் பொலிசுக்கும் அலைந்து, சில வேளைகளில் செத்தவீடும் முடிந்த பிறகுதான் படகின் நினைவு வரும். உழவு இயந்திரத்தில் கயிறு கட்டி இழுத்து வந்து, வாடிக்குப் பக்கத்தில் பனையோலை நிழலில் கிடத்துவார்கள். அதற்குள் உள்ளே கிடந்த மணலை அள்ளிக் கொட்டிக் கழுவியிருப்பார்கள். உடைந்து தொங்கிய ஆசனங்களைக் கழற்றியிருப்பார்கள். கயிறுகள் வேறு படகுக்குப் போயிருக்கும். எங்களிடம் கேட்பது இரண்டு கேள்விகள்: எத்தனை நாள் செல்லும், எவ்வளவு முடியும்? இந்தப் படகு ஏன் கவிழ்ந்தது என்று படகைக் காட்டி எவரும் கேட்பதில்லை. அதைக் கேட்டாக வேண்டும் என்பதே இந்தத் தொழில் எனக்குக் கற்றுத் தந்த முதற்பாடம். சனத்தை ஏற்றிப் போய் விபத்துக்குள்ளான படகு ஒவ்வொன்றும் தன் உடம்பில் காரணத்தை எழுதி வைத்துக்கொண்டுதான் கரைக்கு வருகிறது. அதை வாசிக்காமல் பூசி மெழுகிக் கடலில் விட்டால், படகோடு சேர்த்து அந்தக் காரணத்தையும் புதுப்பித்து அனுப்புகிறோம்.

எங்கள் தீவுக்கு இரண்டு கடல். பேசாலைப் பக்கம் வடகடல், அது பாக்கு விரிகுடா. தாழ்வுபாடு, சவுத்பார் பக்கம் தென்கடல், அது மன்னார் வளைகுடா. வைகாசி தொடக்கம் புரட்டாசி வரை சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். மார்கழி, தையில் வாடைக்காற்று எழும்பினால் நிலைமை மாறும். தொழிலுக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கின்படி துறையை மாற்றிக்கொள்வார்கள். உல்லாசமாகக் கடல் பார்க்க வருகிறவர்கள் வருவதோ விடுமுறைக் கணக்கின்படி. ஓகஸ்ட் 15இல் மடுமாதா திருவிழாவுக்கு நாடெங்கும் இருந்து வரும் சனம், வந்த கையோடு மன்னாரையும் தலைமன்னாரையும் பார்த்துவிட்டுப் போக நினைக்கிறது. அது சோளகம் நின்று வீசும் காலம். மார்கழி விடுமுறையில் வருகிறவர்களுக்கு வாடை. தலைமன்னாரில் வெளிச்சவீட்டடியில் நின்று பார்த்தால் மணல் தீடைகள் கிட்டத்தில் இருப்பது போலத் தெரியும். ஆனால் அந்தத் தீடைகள் ஒரு பருவத்தில் இருந்த இடத்தில் மறு பருவத்தில் இருப்பதில்லை. அவற்றுக்கு இடையிலுள்ள வாய்க்கால்களில் ஒரு கடலின் நீர் மறு கடலுக்குப் பாயும். அந்த நீரோட்டமும் எதிர்க்காற்றும் முட்டுகிற இடத்தில் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். 2015இல் தலைமன்னார் இறங்குதுறை வரைக்கும் ரயில் மீண்டும் வந்த பிறகு, இந்தக் கரைக்கு வந்து சேர்வது எவருக்கும் இலகுவாகிவிட்டது. கடல் அப்படியேதான் இருக்கிறது.

இங்கே சனத்தை ஏற்றக் கிடைப்பது பெரும்பாலும் மீன்பிடிப் படகுதான். 18 முதல் 23 அடி நீளமான பைபர் படகு, பின்னால் கொழுவிய ஒரு எஞ்சின். 1967இல் வடக்கில் நோர்வே நாட்டவரின் உதவியோடு தொடங்கிய சீநோர் நிறுவனம், காரைநகரில் பைபர் படகு கட்டத் தொடங்கிய பிறகு மர வள்ளங்களின் இடத்தை இந்த வகைப் படகு மெல்ல மெல்லப் பிடித்தது. நல்ல படகு, பாரம் தாங்கும் படகு. ஆனால் அதைக் கட்டியவர் மனதில் வைத்த பாரம் வேறு. வலையும் மீனும் ஐசும் படகின் அடியில் தாழக் கிடக்கும், போட்ட இடத்தில் கிடக்கும், படகு சரிந்தாலும் எழுந்து நிற்காது. மனிதப் பாரம் பலகையின் மேல் உயர இருக்கும், அசையும், பயந்தால் எழும்பும், எதையாவது கண்டால் ஒரு பக்கம் சாயும். பன்னிரண்டு பேர் ஆளுக்கு 60 கிலோ என்றால் 720 கிலோ. அத்தனை பேரும் டொல்பின் பார்க்கவென்று அரை மீற்றர் ஒரு பக்கம் நகர்ந்தால், முக்கால் தொன் எடை நடுக்கோட்டை விட்டு விலகுகிறது. அதே எடையுள்ள வலை அப்படி நகர்வதில்லை. இன்னொரு கணக்கும் உண்டு. 5 மீற்றர் நீளமும் 1.2 மீற்றர் அகலமும் உள்ள அடித்தளத்தில் 10 சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால், அது 600 கிலோவுக்கு மேல், பத்துப் பெரியவர்களின் எடை. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே அந்தத் தண்ணீரும் ஓடும். ஒரு அலை உள்ளே விழுந்ததும் தண்ணீர் இறைக்காமல் எஞ்சினை முறுக்குகிறவர், கண்ணுக்குத் தெரியாத பத்துப் பேரைத் தாழ்ந்த பக்கத்தில் இருத்திக்கொண்டு ஓடுகிறார்.

இது எங்கள் கரையின் கதை மட்டுமில்லை. 2009 செப்ரெம்பர் 30இல் தேக்கடி ஏரியில் ஜலகன்யகா என்ற இரண்டு தட்டுப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் நின்ற மிருகங்களைப் பார்க்கச் சனம் ஒரு பக்கம் திரண்ட வேளை அது. 2011 நத்தார் தினத்தில் பழவேற்காட்டு ஏரியில் உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து 22 பேர். 2014 ஜனவரி 26இல் அந்தமானில் போர்ட் பிளேயருக்கு அருகே அக்வா மரின் என்ற படகு, 25 பேர் ஏறக்கூடிய இடத்தில் 40க்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு மூழ்கியது. இறந்தவர்களில் பலர் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து சுற்றுலா போனவர்கள். 2017 பெப்ரவரியில் எங்கள் நாட்டிலேயே களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தையில், தேவாலயத் திருவிழாவுக்கு மீன்பிடிப் படகில் போனவர்களில் பத்துக்கும் மேற்பட்டோர் கடலில் மாண்டார்கள். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியாததால் மிதவைப் பாதையில் போன பள்ளிப் பிள்ளைகள் இறந்தார்கள். 2023 மே 7இல் கேரளத்துத் தானூரில் அட்லாண்டிக் என்ற படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டபோது, அது மீன்பிடிப் படகை மாற்றிச் செய்த உல்லாசப் படகு என்று தெரியவந்தது. 22 பேருக்கான படகில் 37 பேராவது இருந்தார்கள். இந்த ஆறிலும் புயல் இல்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்துத் தலைமன்னாரையும் தாக்கிய சூறாவளியைப் பற்றி எங்கள் பக்கத்து முதியவர்கள் இன்றும் பேசுவார்கள். அதற்குக் கடலைக் குற்றம் சொல்லலாம். ஏரியிலும் களப்பிலும் கரைக்கு அருகிலும் புயலில்லாத நாளில் கவிழ்ந்த படகுக்குக் கடலைக் குற்றம் சொல்ல வழியில்லை. அங்கே சாய்ந்தது பாரம்.

இனி, படகை வாசிப்பது என்றால் என்னவென்று சொல்கிறேன். முதல் வேலைக்கு ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி போதும். முன்முனையான அணியத்திலிருந்து பின்முனையான அமரம் வரை சாண் சாணாக உடம்பில் தட்டிக்கொண்டே போக வேண்டும். இறுகிய பைபர் ‘டிக்’ என்று கூர்மையாகச் சொல்லும். படை பிரிந்த இடம் ‘தொப்’ என்று மந்தமாகச் சொல்லும். அந்த இடங்களைச் சோக்கால் வட்டமிட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் ஒரு படம் தெரியும். அடியில் நடுமரமான ஏராவின் முன்பக்கம் நீளத்துக்குத் தேய்ந்திருந்தால், படகு ஓட்டத்தோடு தீடையில் ஏறியிருக்கிறது. எஞ்சின் கொழுவும் பின்பலகையின் இரு மூலைகளிலும் சிலந்தி வலை போல வெடிப்பு ஓடினால், அந்தப் பலகை தாங்கக்கூடியதிலும் பெரிய எஞ்சினைக் கொழுவியிருக்கிறார்கள். 15 குதிரைவலு இருந்த இடத்தில் 40 வந்திருக்கும். அந்தப் பாரம் அமரத்தை அமுக்கி, பின் அலை உள்ளே வர வாசல் திறந்துவிட்டிருக்கும். எல்லாவற்றிலும் அதிகமாகப் பேசுவது தளத்திலுள்ள ஓட்டைகள். ஆசனம் பூட்டவும் வெயிலுக்குக் கூரை நாட்டவும் துளைத்த ஓட்டைகள் அவை. அவற்றுக்குள் ரெசின் பூசாமல் ஆணி முடுக்கியிருந்தால், தண்ணீர் மாதக்கணக்காகக் கசிந்து கீழேயுள்ள நுரைக்குள் இறங்கியிருக்கும். படகு நிரம்பினாலும் தாழாமல் மிதக்கவென்று வைத்த நுரை அது. ஒரு துண்டை வெட்டி எடுத்துக் கையால் பிழிந்தால் கடல் வடியும். மிதக்க வைக்க வேண்டியதே பாரமாகிவிட்ட படகு, ஓடும் நாளில் அதைக் காட்டிக்கொடுக்காது. கவிழும் நாளில்தான் காட்டிக்கொடுக்கும்.

இந்தச் சாட்சியத்தில் பாதி கரைக்கு வருமுன்பே அழிந்துவிடுகிறது. எங்கள் பட்டறையில் கணக்குப் பார்த்தால், கவிழ்ந்ததால் வந்த உடைவிலும் மீட்டதால் வந்த உடைவே பல படகுகளில் கூட. காரணம் ஒரு தப்பான எண்ணம். மூழ்கிய பைபர் படகு தண்ணீருக்குள் பாரமில்லை. 400 கிலோ உடம்பு, கடலுக்குள் அதன் பாதி கூட இழுக்காது. விளிம்பு தண்ணீருக்கு மேலே வரும் நொடியில்தான் உள்ளே நிற்கும் நீரின் எடை வந்து ஏறும், மூன்று கனமீற்றர் நீர் மூன்று தொன். அந்த நொடியில் உழவு இயந்திரத்தால் இழுத்தால் ஏரா கழன்றுவிடும், விளிம்பில் கட்டிய கயிறு விளிம்பைக் கிழித்துக்கொண்டு வரும். சரியான முறைக்குப் பொறுமைதான் கூலி. முதலில் அலை அடங்கும் வேளையைப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் வற்றுப் பெருக்கு ஒரு மீற்றர்கூட வராது என்பதால், கடல் தானாக வற்றிப் படகைக் காட்டும் என்று காத்திருப்பது வீண். மூடிய வெற்றுப் பீப்பாய்களை உள்ளே இரு பக்கமும் சமமாகக் கட்ட வேண்டும். 200 லீற்றர் பீப்பாய் ஒன்று ஏறக்குறைய 180 கிலோவைத் தூக்கும். கவிழ்ந்து கிடந்தால், கயிற்றை எதிர்ப்பக்க விளிம்பில் கட்டி, அடிப்பக்கத்தின் மேலாக இப்பக்கம் எடுத்து, மெதுவாக உருட்டி நிமிர்த்த வேண்டும். அணியத்தின் தாழ்ந்த வளையத்தில் கட்டி, நடக்கிற வேகத்தில் இழுத்து, இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி, நீரை முழுக்க இறைத்த பிறகுதான் கரையேற்ற வேண்டும். அப்போதுதான் எந்த உடைவு விபத்துக்கு முந்தியது, எது விபத்தில் வந்தது, எது மீட்டபோது வந்தது என்று பிரித்தறிய முடியும். புதிய உடைவின் நார் வெள்ளையாக, சுத்தமாக இருக்கும். பழைய வெடிப்பின் ஓரத்தில் பாசியும் அழுக்கும் ஏறியிருக்கும். கழுவித் தேய்த்த படகில் இந்த வேறுபாடு போய்விடுகிறது.

திருத்துவதிலும் அதே அவசரம்தான். வெடிப்பின் மேல் மெட் என்ற கண்ணாடிநார்ப் பாயில் ஒரு துண்டை வைத்து ரெசின் பூசி, அதே நிறத்தில் பெயின்ற் அடித்துவிட்டால் படகு புதிதாகத் தெரியும். அதன் பலம் அந்தப் பெயின்றின் பலம்தான். ஒழுங்கான வேலை என்றால் பிரிந்த படையை இறுகிய இடம் வரும் வரை வெட்டி எடுக்க வேண்டும். ஓரத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும், ஒரு பங்கு கனத்துக்குப் பன்னிரண்டு பங்கு சரிவு. உப்பு போக நன்னீரால் கழுவி, நாட்கணக்கில் வெயிலில் காய வைக்க வேண்டும். ஈரத்தின் மேல் போட்ட ரெசின் ஒட்டியது போல இருக்கும், ஒட்டாது. பிறகு சிறிய துண்டும் பெரிய துண்டுமாக மெட்டைப் படை படையாக அடுக்கி, ஒவ்வொரு படையிலும் உருளையால் காற்றுக் குமிழை நசுக்கி வெளியேற்ற வேண்டும். மன்னார் வெயிலில் ரெசினை இறுக வைக்கும் காட்டலிஸ்ட் கொஞ்சம் கூடினாலும் ரெசின் வாளிக்குள்ளேயே கட்டியாகிவிடும், ஆகவே குறைத்து ஊற்றி நிழலில் வேலை செய்ய வேண்டும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் காட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேராகக் கலக்கக் கூடாது, தீப்பிடித்து வெடிக்கும். எஞ்சினுக்கும் கணக்கு உண்டு. கடல் குடித்த எஞ்சினை எடுத்த உடனேயே நன்னீரால் கழுவி, பிளக்கைக் கழற்றி, சிலிண்டரின் நீரை வெளியேற்றி, எண்ணெய் விட்டு அன்றைக்கே இயக்க வேண்டும். அன்று முடியாவிட்டால் நன்னீர்த் தொட்டியில் மூழ்கவே விட்டுவைக்க வேண்டும். ஈரத்தோடு காற்றுப் பட்டு ஓர் இரவு கிடந்தால் துரு உள்ளே இறங்கிவிடும். அப்படிக் கிடந்து பிறகு ஓடுகிற எஞ்சின், தீடைகளுக்கு நடுவே வாய்க்காலில் நின்றுபோகும். நின்றுபோன படகு அலைக்குப் பக்கத்தைக் கொடுக்கும். ஒரு விபத்தின் அரைகுறை மீட்பு அடுத்த விபத்தின் முதற்காரணமாவது இப்படித்தான்.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளை நான் இலேசாக எடுக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கடலில் பிழைத்தவர்களுக்குப் படகைப் பற்றிப் பாடம் எதற்கு என்பது முதல் மறுப்பு. படகோட்டும் எங்கள் தண்டையல்மாரின் அறிவுக்கு முன் நான் தலை வணங்குகிறேன். ஆனால் அந்த அறிவு, தன் சொல்லுக்கு அசையும் ஆட்களோடு சேர்ந்து வளர்ந்த அறிவு. “குந்து” என்றால் குந்துகிற, அலை வருமுன்பே உடம்பைத் தாழ்த்துகிற மூன்று பேரோடு போகும் படகு வேறு. சொல்லின் மொழியே விளங்காத, நீந்தத் தெரியாத, கையில் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்த பன்னிரண்டு பேரோடு போகும் படகு வேறு. இந்த இரண்டாவது வகைப் படகைத் தண்டையல் எங்கும் பழகியிருக்க முடியாது. வடகடலில் விழுந்தாலும் நெஞ்சளவுதானே, என்ன பயம் என்பது அடுத்த மறுப்பு. ஆழங்குறைந்த கடலில்தான் அலை குட்டையாக நிமிர்ந்து அடிக்கிறது, படகின் அடி தரையில் மோதுகிறது, கவிழ்ந்த படகுக்கும் மணலுக்கும் இடையில் ஆள் அகப்படுகிறார். பெரியவருக்கு நெஞ்சளவான தண்ணீர் பிள்ளைக்குத் தலைக்கு மேல். குறிஞ்சாக்கேணியில் இறந்தவர்கள் நடுக்கடலில் இறக்கவில்லை.

மிகவும் கனமான மறுப்பு வயிற்றைப் பற்றியது. எண்ணெய் விலையிலும் இழுவைப் படகுகளால் அறுபடும் வலையிலும் நொந்துபோன குடும்பத்துக்கு, விடுமுறை நாளில் நாலு பேரை ஏற்றிக் கிடைக்கும் காசு பெரிய ஆறுதல். விதிகளை இறுக்கினால் அந்தக் காசு உள்ளூரை விட்டுப் பெரிய முதலாளிகளின் கைக்குப் போய்விடும் என்று கரையில் சொல்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதற்காகவே சொல்கிறேன்: ஒரே ஒரு பெரிய விபத்து நடந்தால், மறுநாள் முதல் தடை வரப்போவது சிறிய படகுகளுக்குத்தான். இந்தத் தொழில் உள்ளூரின் கையில் நிலைக்க வேண்டுமென்றால் அது ஆள் சாகாத தொழிலாக இருக்க வேண்டும். செய்ய முடியாத காரியமும் இல்லை. கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கு ராமேஸ்வரத்திலிருந்து சனம் வருவது மீன்பிடிப் படகுகளில்தான். ஆனால் அந்தப் படகுகளைப் புறப்படுமுன் பரிசோதிக்கிறார்கள், ஆள் எண்ணி ஏற்றுகிறார்கள், உயிர்காப்பு அங்கி கொடுக்கிறார்கள், இரு நாட்டுக் காவலும் கடலில் நிற்கிறது. வருடத்தில் ஒரு திருவிழாவுக்கு முடிகிற ஒழுங்கு, வாராவாரம் நடக்கிற சவாரிக்கும் முடியும். அங்கி வெக்கை என்று கழற்றி ஆசனத்துக்குக் கீழே போடுகிற பழக்கத்தை மட்டும் விட வேண்டும். படகு கவிழும்போது அந்த அங்கியும் படகோடு கவிழ்ந்து கீழே மாட்டிக்கொள்ளும்.

கடைசி மறுப்பு எங்கள் தொழிலுக்குள்ளிருந்தே வருகிறது. திருத்துகிறவன் பொலிஸ்காரனா, உடைவைப் பதிந்து வைத்தால் படகுக்காரர் மேல் வழக்கு வராதா, அடுத்த முறை அவர் எங்களிடம் வருவாரா? குற்றவாளியைத் தேடவென்று நான் வாசிக்கச் சொல்லவில்லை. சட்டமும் தண்டனையும் வேறு ஆட்களின் வேலை. நோயாளி ஏன் விழுந்தார் என்று கேட்காமல் எலும்பை மட்டும் கட்டி அனுப்புகிற வைத்தியரை நாங்கள் நல்ல வைத்தியர் என்று சொல்வதில்லை. படகு கரையேறிய உடனே, கழுவுமுன் நாலு பக்கமும் உள்ளும் படம் எடுத்து வைப்பதற்கு ஒரு தொலைபேசி போதும். என்ன எஞ்சின், எத்தனை பேர், எந்தக் காற்று, எந்த இடம், நுரை காய்ந்ததா ஊறியதா என்று ஒரு பக்கம் எழுதி, பெயரை விட்டுவிட்டு, ஊரின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கொடுக்கலாம். பத்துப் படகின் குறிப்பு சேர்ந்தால், எந்தத் தீடை, எந்த மாதம், எந்த வகை மாற்றம் ஆளைக் கொல்கிறது என்று சங்கமே சொல்லிவிடும். கடற்றொழில் திணைக்களமோ கடற்படையோ வந்து சொல்லுமுன் ஊர் தானாக அறிந்துகொள்ளும். படகுக்காரருக்கும் அதில் நட்டமில்லை. திருத்திய காசு ஒரு சோளகத்தில் மீண்டும் கடலில் போகாமல் மிஞ்சும்.

திருத்தி முடித்த படகு மீன்பிடிக்கு மட்டுமென்றால் உடனே போகலாம். சனத்தை ஏற்றப் போகிறதென்றால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் படகை மிதக்க விட்டு, ஏற்ற நினைக்கிற எண்ணிக்கைக்கு ஆளுக்கு 60 கிலோவாக மணல் மூட்டை எடுத்து, கீழே போடாமல் ஆசனத்தின் மேலேயே அடுக்க வேண்டும். பிறகு அத்தனை மூட்டையையும் ஒரு பக்கத்துக்கு நகர்த்திப் பார்க்க வேண்டும். தண்ணீர் விளிம்பைத் தொடுமுன் எத்தனை மூட்டை நின்றதோ, அதிலும் குறைத்து ஒரு எண்ணை முடிவு செய்ய வேண்டும். ஒரு காலைப்பொழுது போதும், மணலுக்கு மன்னாரில் பஞ்சமில்லை. எங்கள் படகுகள் ஒவ்வொன்றின் அணியத்திலும் பதிவு இலக்கமும் மன்னாரின் அடையாள எழுத்துகளும் எழுதியிருக்கும், யாருடைய படகு என்று கடலில் எவரும் அறிவதற்காக. அதற்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அந்த ஒரு எண்ணையும் எழுதிவிடுவோம். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஏற வருகிற தாய், உள்ளே இருக்கிற தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, ஏறுவதா நிற்பதா என்று கரையிலேயே முடிவு செய்துகொள்வாள்.